ஆள் எண்ணும் மலை

மழை ஒரு வாரமாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சாந்தா ருஃபினாவின் கல் தெருக்களில் விடியற்காலையில் செம்மண் நிறமாக ஓடிய தண்ணீர், வழிகாட்டி ஒஃபேலியா ஊர்ச் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது சாம்பல் நிறமாகியிருந்தது. செம்மண் தண்ணீர் மலையின் மேலிருந்து வழிவது. சாம்பல் தண்ணீர் மலையின் வயிற்றிலிருந்து வருவது. அந்த ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் அது தெரியும். தெரிந்தும் எல்லோரும் அதைத் தாண்டிக் கால் வைத்துக் கடை திறந்தார்கள். வெள்ளிச் சுரங்கம் மூடி வருஷக்கணக்காகிறது. வெளியூர்க்காரர்கள் வந்து தின்றுவிட்டுப் போனால்தான் இங்கே அடுப்பு எரியும். சனிக்கிழமையும் அதுவுமாக எவன் கதவைச் சாத்துவான்?

ஒஃபேலியாவின் பிழைப்பும் அதுதான். மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு தெருவில் அடை, ஒரு தெருவில் மிட்டாய், ஒரு தெருவில் கற்றாழைக் கள் என்று வாங்கிக் கொடுப்பாள். நடுவே ஊர்க்கதை சொல்வாள். கடைசியில் ‘சுரங்கவாய்’ உணவுக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அன்றைய வேலை முடிந்தது. அங்கே அடுப்படி அவளுடைய மகள் நெலிதாவுடையது; கூடம் நெலிதாவின் ஞானத்தகப்பன் பல்தசாருடையது.

அன்றைக்கு எட்டுப் பேர். கனடாவிலிருந்து ஒரு இளஞ்ஜோடி. எதைக் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டது. மற்றவர்கள் வடக்கே மோன்தெர்ரே நகரத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவர் எவரிஸ்தோ, கறிக்கடைக்காரர். அவருடைய தொந்தி முதலில் வரும், அவர் பின்னால் வருவார்.

சந்தைக்குள் சபேலாவின் அடைக்கல் முன்னால் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். தடித்த மக்காச்சோள அடையைப் பிளந்து, பன்றித்தோல் வறுவலைத் திணித்து, பச்சை மிளகாய்ச் சாந்தை அள்ளி ஊற்றிக் கொடுத்தாள் சபேலா.

“எங்க ஊர்ல அடைன்னா கோதுமை அடைதாம்மா” என்றார் எவரிஸ்தோ. “மக்காச்சோளத்தைக் கோழிக்குத்தான் போடுவோம்.”

“கோழியாவது முட்டை போடும், தோன் எவரிஸ்தோ. நீங்க என்னத்தப் போடப் போறீங்க? பேசாமத் தின்னுங்க” என்றாள் ஒஃபேலியா, ‘தோன்’ என்ற மரியாதையைக் குறைக்காமல்.

அவர் மனைவி லிதியா விழுந்து விழுந்து சிரித்தாள். எவரிஸ்தோ தின்றார். கண்ணில் தண்ணீர் வழிய இன்னொன்று கேட்டார்.

சபேலா ஒஃபேலியாவைப் பக்கத்தில் இழுத்தாள். “என் கடைப் பின்கதவு முந்தாநாள்லேருந்து சாத்த வர மாட்டேங்குதுடி.”

“மழைக்கு மரம் ஊதியிருக்கும்.”

“அது இரும்புக் கதவு.”

ஒஃபேலியா பதில் சொல்வதற்குள் காலுக்கடியில் ஒரு தட்டு கேட்டது. பெரிய சத்தமில்லை. மூடிய பெட்டிக்குள் இருந்து யாரோ முஷ்டியால் இடித்த மாதிரி. அடைக்கல்லில் கிடந்த கரண்டி ஒருமுறை துள்ளி அடங்கியது.

சந்தை முழுக்கக் கைகள் உயர்ந்து அவரவர் முன்னாலிருந்த பலகையில் ஓங்கி அறைந்தன. “உள்ளேன்!” என்று நூறு வாய் ஒன்றாகக் கத்தியது. பிறகு எல்லோரும் சிரித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

“என்ன இது, என்ன இது?” என்றார் எவரிஸ்தோ, சின்னப் பிள்ளை மாதிரி.

இந்தக் கேள்விக்கு ஒஃபேலியாவின் வாயில் பதில் எப்போதும் தயாராக இருக்கும். “சுரங்கத்துல ஷிஃப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மேஸ்திரி குழாயில தட்டி ஆள் எண்ணுவாருங்க. உள்ள இருக்கறவன் ‘உள்ளேன்’னு குரல் கொடுக்கணும். உள்ளயே செத்துப்போன ஒரு மேஸ்திரி இன்னும் எண்ணிக்கிட்டு இருக்காரு. பதில் சொன்னா, ஆள் சரியா இருக்குன்னு திருப்தியாப் போயிடுவாரு. சொல்லலைன்னா, ஆளைக் காணோம்னு தேடிக்கிட்டு மேல வந்துடுவாரு.”

கனடா ஜோடிக்கு லிதியா அதைக் கைஜாடையில் விளக்கினாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எவரிஸ்தோ பலகையை அறைந்து, “உள்ளேன் மேஸ்திரி! அடை தின்னுக்கிட்டிருக்கேன்!” என்றார்.

ஒஃபேலியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மனதுக்குள் எண்ணினாள். மாதத்துக்கு ஒரு தட்டு வழக்கம். மழைக்காலத்தில் வாரம் ஒன்று வரும். இன்றைக்கு அவள் வாசல் கூட்டும்போது ஒன்று கேட்டாள், குளிக்கும்போது ஒன்று. இது மூன்றாவது. வழக்கமான தட்டு நேராகக் காலுக்குக் கீழே கேட்கும். இது மேட்டுப் பக்கமிருந்து வந்தது. மேட்டுப் பக்கம் சுரங்கவாய் இருந்தது. சுரங்கவாய்க்குள் நெலிதா இருந்தாள்.

கோயில் படிக்கட்டில் முறுக்கு மிட்டாய் விற்கிறவனிடம் கூட்டத்தை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிப்போய் மகளுக்குப் போன் போட்டாள்.

“என்னம்மா, மோலேக் குழம்பு கொதிக்குது, சீக்கிரம் சொல்லு” என்றாள் நெலிதா. பின்னால் பாத்திரங்களின் சத்தம்.

“அங்க எப்படிடி இருக்கு?”

“எப்படி இருக்கும்? மேலேருந்து சுண்ணாம்பு கொட்டிக்கிட்டே இருக்கு. அண்டா மேல துணி கட்டி வெச்சிருக்கேன். ஞானப்பா வந்து பார்த்துட்டு, திங்கக்கிழமை கொத்தனாரை வரச் சொல்றேன்னாரு.”

“கொஞ்ச நேரம் வெளிய வந்து நில்லேன்.”

“வெளிய நின்னா யார் கிண்டுவா, மேஸ்திரி பேயா? இன்னிக்கு நாப்பது தட்டும்மா. உன் ஆளுங்க வேற.” மகள் குரலைத் தாழ்த்தினாள். “நீயே தினமும் அந்தக் கதையைச் சொல்லி டிப்ஸ் வாங்குற. இப்ப உனக்கே பயமா?”

போன் வைக்கப்பட்டது. ஒஃபேலியா வீட்டுக்குப் போட்டாள். கணவன் மக்காரியோ இருபது வருஷம் கல் தூசியைச் சுவாசித்தவன். இப்போது ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஜன்னலைப் பார்க்கிறான். சுரங்கம் தெரிந்தவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் கேட்பாள்.

“கேட்டியா இன்னிக்கு?” என்றாள்.

“கேக்காம? எனக்கு என்ன காதா போச்சு?” ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு. “தட்டுறது நல்லதுதாண்டி. மலை கணக்கைச் சரியா வெச்சிருக்குன்னு அர்த்தம். நானும் இங்க கட்டிலைத் தட்டி... உள்ளேன் சொன்னேன்.”

“நெலிதாவை வெளிய வரச் சொல்லேன்.”

“கடையில அவளுக்குப் பாதிப் பங்கு தர்றேன்னு சொல்லியிருக்காரு கொம்பாத்ரே பல்தசார். பொறக்கப்போற வருஷத்துலேருந்து. நீ போய்க் குட்டையைக் குழப்பாத.”

அவ்வளவுதான். அவனும் அந்த ஊர்க்காரன்.

சுரங்கவாய் பழைய சுரங்கத்தின் முதல் வாசல். பாறையைக் குடைந்த நீளமான கூடம், வெள்ளையடித்து, வரிசையாக விளக்குகளைத் தொங்கவிட்டு, மேசை போட்டிருந்தார்கள். கடைக்கோடியில் அடுப்படி, அதற்கும் பின்னால் ஒரு இரும்புக் கதவு, அதற்கு அப்பால் மலைக்குள் போகும் பழைய சுரங்கப் பாதை. பல்தசார் அதைக் குத்தகைக்கு எடுத்தபோது ஊரே சிரித்தது. இப்போது அங்கே இடம் பிடிக்க ஒரு வாரம் முன்னாலேயே சொல்ல வேண்டும். பல்தசாரும் ஒஃபேலியாவும் சிறுவயதில் ஒன்றாகக் கல் பொறுக்கியவர்கள். ஞானஸ்நானத்தில் நெலிதாவைக் கையில் ஏந்தியவன் அவன். மக்காரியோவின் நெஞ்சு போனபோது கேட்காமலே அடுப்படியை நெலிதாவிடம் கொடுத்தவன். பெற்றவளும் ஞானத்தகப்பனும் ஒருவரை ஒருவர் கொமாத்ரே, கொம்பாத்ரே என்று கூப்பிட்டுக்கொண்டால் அதற்கப்புறம் சபையில் முகத்தை முறிக்கக் கூடாது. உடன்பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு முடியாது.

“வாங்க கொமாத்ரே, வாங்க! எட்டு வயிறா? எல்லாம் பெருசு பெருசா இருக்கே!” என்று வாசலில் நின்று கையை விரித்தான் பல்தசார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அதன் தோள்பட்டையில் சுண்ணாம்புத் தூள் படிந்திருந்தது. அவன் கவனிக்கவில்லை.

ஆட்களை உள்ளே விட்டுவிட்டு ஒஃபேலியா அவனை ஓரமாக நிறுத்தினாள். “கொம்பாத்ரே, இன்னிக்கு மேசையை வெளிய போட்டா என்ன?”

“மழையிலயா?”

“சதுக்கத்துல தார்ப்பாய் கட்டிக்கலாம். காலையிலேருந்து எத்தனை தட்டு கேட்டுச்சு?”

“அதுக்குத்தானே கொமாத்ரே இவ்வளவு கூட்டம்!” அவன் அவள் தோளில் கை வைத்தான். “மதியத்துக்குள்ள மூணு தடவை தட்டிட்டாரு. ஒரு பொண்ணு வீடியோ எடுத்துட்டு அழுதே போச்சு, சந்தோஷத்துல. நூறு வருஷமா நிக்கிற கல்லு. நீங்களும் நானும் போனதுக்கு அப்புறமும் நிக்கும்.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பொய் சொல்கிறவனிடம் சண்டை போடலாம்.

கூடத்தில் எல்லா மேசையும் நிறைந்திருந்தது. எவரிஸ்தோ சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். கறுத்த மோலேக் குழம்பில் முங்கிய கோழி வரத் தொடங்கியது. மிளகாயும் கொக்கோவும் வறுத்த மணம் கூடத்தையே தூக்கியது. அப்போது நான்காவது தட்டு வந்தது. இந்த முறை அது தட்டு மாதிரி இல்லை. கனமான எதையோ யாரோ கொஞ்ச தூரம் இழுத்து நிறுத்திய மாதிரி. விளக்குகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின.

“உள்ளேன்!” என்று கூடம் அதிர்ந்தது. கோப்பைகள் மேசையில் மோதின. கனடாப் பெண்ணும் தன் மழலை ஸ்பானிஷில் கத்தினாள். கைதட்டல் வேறு.

ஒஃபேலியா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். மேசைகளுக்கு நடுவே நின்று, “தின்னாதீங்க!” என்று கத்தினாள். “குழம்பு கெட்டுப்போச்சு! அண்டாவுல எலி விழுந்து கிடக்கு, நான் என் கண்ணால பார்த்தேன். எல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்க!”

கரண்டிகள் நின்றன. லிதியா வாயிலிருந்ததைத் துணியில் துப்பினாள். இரண்டு மேசைக்காரர்கள் எழுந்தார்கள். ஒஃபேலியாவுக்கு மூச்சு வந்தது.

அடுப்படிக் கதவு திறந்தது. நெலிதா கையில் அகப்பையோடு நின்றாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அகப்பையில் இருந்த குழம்பைக் குடித்தாள். வழித்து நக்கினாள். பிறகு எழுந்து நின்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

“மன்னிச்சுக்கோங்க. எங்கம்மாவுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லை. அண்டாவைப் பார்க்கணும்னா யார் வேணும்னாலும் உள்ள வரலாம்.”

எவரிஸ்தோ போனார். போய்ப் பார்த்து, ஒரு துண்டு அடையை முக்கித் தின்றுகொண்டே வந்தார். “எலி இல்லை. இருந்தாலும் நான் சாப்பிடுவேன், அவ்வளவு ருசி!” என்றார். கூடம் சிரித்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கரண்டிகள் மறுபடி ஓடின.

பல்தசார் அவள் பக்கத்தில் வந்தான். கத்தவில்லை. “என்ன கொமாத்ரே, இப்படிப் பண்ணிட்டீங்க” என்றான். அவ்வளவுதான். செருப்பால் அடித்திருந்தாலும் அவளுக்கு அப்படி வலித்திருக்காது.

வாசல் பத்தடி தூரத்தில் திறந்து கிடந்தது. அவள் போகலாம். மழையில் நின்று மானத்தோடு காத்திருக்கலாம். அவள் அடுப்படிக்குள் போனாள். தொட்டியில் மலை மாதிரிக் குவிந்திருந்த தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். கைவேலை குறைந்தால் மகள் சீக்கிரம் வெளியே வருவாள். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

“வெளிய போம்மா” என்றாள் நெலிதா. “ஆறு வருஷம் இந்த அடுப்புல வெந்திருக்கேன். எலியாம். எலி.”

“நீ வந்தா நானும் வர்றேன்.”

“வரமாட்டேன்.”

“அப்ப தட்டைக் கொடு.”

கழுவி அடுக்கிய தட்டில் வெள்ளைத் தூள் விழுந்தது. ஒஃபேலியா மறுபடி கழுவினாள். மறுபடி விழுந்தது. நெலிதா அதைப் பார்க்காத மாதிரி கோழியைத் திருப்பிப் போட்டாள். குப்பைக் கூடை நிறைந்திருந்தது. அதைக் கொட்ட வேண்டும். நெலிதா காலால் கூடையைத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்பக்க இரும்புக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். தாழ்ப்பாள் வந்தது. கதவு வரவில்லை. தோளைக் கொடுத்து முட்டினாள். சுவரில் வரைந்த கதவு மாதிரி அசையாமல் நின்றது. குனிந்து பார்த்தாள். நேராக நின்ற இரும்புச் சட்டம் நடுவில் வில்லாக வளைந்திருந்தது. மேலே இருந்து யாரோ அழுத்திப் பிடித்திருக்கிற மாதிரி.

நெலிதா கதவில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

“காலையில திறந்துச்சு” என்றாள் மெதுவாக. “காலையில இதே கதவைத் திறந்துதான் கொட்டினேன்.”

ஒஃபேலியா கூடையை மட்டும் ஓரமாகத் தள்ளினாள். ஒரு வார்த்தை சொன்னாலும் மகள் முறுக்கிக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரியும்.

நெலிதா அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். காஸ் குழாயைத் திருகி மூடினாள். பிறகு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். பட்டப்பகலில் சுரங்கம் ராத்திரியானது. வாசல் மட்டும் வெளிச்சமான ஒரு சதுரமாகத் தெரிந்தது.

கூடத்தில் கூச்சல். “மேஸ்திரி வந்துட்டாருடோய்!” என்று யாரோ கத்தினார்கள்.

நெலிதா இருட்டில் கணீரென்று பேசினாள். அது வீட்டில் பேசுகிற குரல் இல்லை. நாற்பது தட்டை நடத்துகிற குரல். “கரண்ட் போயிடுச்சுங்க! எல்லாரும் அவங்கவங்க தட்டைக் கையில எடுத்துக்கிட்டு வெளிச்சத்துக்குப் போங்க. மிச்சக் குழம்பைச் சதுக்கத்துல கொண்டுவந்து ஊத்துறேன். கள்ளு என் கணக்கு! தோன் எவரிஸ்தோ, நீங்க முன்னாடி நடங்க, உங்க பின்னாடி வந்தா யாரும் வழி தவற மாட்டாங்க.”

“என் தொந்தியை ஊரே நம்புது பாரு” என்று எவரிஸ்தோ கிளம்பினார். நாற்காலிகள் இழுபட்டன. சிரித்துக்கொண்டு, இடித்துக்கொண்டு, தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்கள் வெளிச்சத்தை நோக்கி நகர்ந்தார்கள். பயமுறுத்தித் துரத்த முடியாதவர்கள் கள்ளுக்காகப் போனார்கள். பரிமாறுகிற பெண்களும் போனார்கள். நெலிதாவும் ஒஃபேலியாவும் அண்டாவை ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தார்கள்.

வெளியே தூறல். ஆட்கள் எதிர்வரிசைக் கடைகளின் இறவாரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றபடியே தின்றார்கள். வாசற்படியில் பல்தசார் நின்றிருந்தான். வருகிற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ரெண்டு நிமிஷம்” என்றான். “ஃபியூஸ்தான். போட்டுட்டுக் கூப்பிடுறேன்.”

“வேணாம் ஞானப்பா” என்றாள் நெலிதா. “நான்தான் அணைச்சேன். பின்கதவு வளைஞ்சு போச்சு. உள்ள போகாதீங்க.”

அவன் ஒஃபேலியாவைப் பார்த்தான். அடுத்து நெலிதாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில், ‘நீயுமா?’ என்பது இருந்தது.

“அம்மாவும் பொண்ணும் சேர்ந்து என் கடையை மூடப் பார்க்குறீங்களா?” என்றான், பாதி சிரிப்பாக. சட்டைத் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு இருட்டுக்குள் போனான். அவன் செருப்புச் சத்தம் கூடத்தின் கடைசி வரைக்கும் தெளிவாகக் கேட்டது. மற்றபடி உள்ளே நிசப்தம். அத்தனை நேரமும் இருந்த ஏதோ ஒரு சின்ன இரைச்சல் நின்றுபோனதை ஒஃபேலியா அப்போதுதான் உணர்ந்தாள்.

விளக்குகள் எரிந்தன. நீண்ட வெள்ளைக் கூடம், காலி மேசைகள், கடைக்கோடியில் கையைத் தூக்கிக் காட்டுகிற பல்தசார்.

“வாங்க, வாங்க! எல்லாம் சரியாயிடுச்சு!”

இறவாரத்தில் நின்றவர்கள் தட்டுகளோடு அசைந்தார்கள். தூறல் வலுத்திருந்தது. நனைந்துகொண்டு தின்ன யாருக்குப் பிடிக்கும்? கனடா ஜோடி முதல் படியில் கால் வைத்தது.

நெலிதா வாசலுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்தாள். ஒஃபேலியா பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருமாகப் படியை அடைத்துக்கொண்டார்கள்.

“இதென்ன கூத்து?” என்றார் எவரிஸ்தோ.

“கூத்துதான்” என்றாள் ஒஃபேலியா. “தாண்டிக்கிட்டுப் போறவங்க எங்க தலையில காலை வெச்சுட்டுப் போங்க.”

யாரும் காலை வைக்கவில்லை. எவரிஸ்தோ அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு கனடாப் பையனின் சட்டையைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தார்.

உள்ளே பல்தசார் நடந்து வரத் தொடங்கினான். கோபமாக வந்தான். பாதி தூரம் வந்திருப்பான். மணல் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி ஒரு நீண்ட இரைச்சல் அடுப்படியிலிருந்து கிளம்பியது. அவன் நின்று திரும்பிப் பார்த்தான். விளக்குகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன. இந்த முறை அவற்றை யாரும் அணைக்கவில்லை.

பிறகு வாசல் வழியாக ஒரு காற்று வந்தது. குளிர்ந்த, பழைய காற்று. அதோடு வெள்ளைத் தூசி. முன்னால் நின்றவர்கள், தட்டுகள், குழம்பு எல்லாம் ஒரே நிறமாயின. கனடாப் பெண் இருமுவது மட்டும் கேட்டது.

“பல்தசார்!” என்று ஒஃபேலியா கத்தினாள். கொம்பாத்ரே என்று கூப்பிடவில்லை. கல் பொறுக்கின நாளில் கூப்பிட்ட மாதிரி வெறும் பெயர்.

பதில் வரவில்லை. உள்ளே சின்னக் கற்கள் உருண்டுகொண்டே இருந்தன.

“ஞானப்பா!” நெலிதா எழுந்து தூசிக்குள் பாய்ந்தாள். ஒஃபேலியா அவளுடைய ஏப்ரனின் முடிச்சை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

“விடும்மா! அவர் உள்ள இருக்காரு! அம்மா, விடு!”

மகள் அடித்தாள். முழங்கையால் இடித்தாள். அம்மாவின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. நெலிதா அழுதுகொண்டே இழுத்தாள். முடிச்சு இறுகியது. ஒஃபேலியா காலைப் படியில் முட்டுக் கொடுத்து, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து, பிடித்த பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.